காலண்டருக்குச் சொன்ன சேதி

சொல்லியாகிவிட்டது. அவரைக் கேட்டால் அப்படித்தான் சாதிப்பார். கூடத்துச் சுவரில் தொங்கும் காலண்டரில் சனிக்கிழமைத் தாளைக் கிழித்து உள்ளங்கையில் கசக்கிக்கொண்டே, அடியிலிருந்து எட்டிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையிடம் சென்னியப்பன் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். "நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில சேரோணும். கைநரம்பு வழியா நெஞ்சுக்குள்ள டியூப் உட்டுப் பாக்கறாங்களாமா. கூட ஒருத்தர் இருந்து கையெழுத்துப் போடோணுமாம். வர்றதுக்கு ஆளில்லீன்னா பத்து மணிக்குக் கம்பெனி மருதாசலத்துக்குப் போன் போட்டுச் சொல்லிக்கறேன்." அவ்வளவுதான். கசக்கின சனிக்கிழமையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சேரில் உட்கார்ந்து பேப்பரை விரித்துவிட்டார். பத்தடி தள்ளி, அடுப்படியில், கடகடவென்று ஓடும் கிரைண்டருக்குப் பக்கத்தில் அவர் கட்டின பெண்டாட்டி கமலவேணி நிற்கிறாள். அவளிடம் சொல்லத் தோன்றவில்லை மனுசனுக்கு. உளுந்துக்குத் தண்ணி தெளிக்கச் சொம்பை எடுக்கத் திரும்பினவள், தற்செயலாக அவர் வாயைப் பார்த்துவிட்டாள். பார்த்ததால்தான் தெரிந்தது. சத்தத்தில் ஒரு எழுத்து காதுக்கு வரவில்லை, ஆனால் உதடு அசைந்ததில் ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. அவள் பார்த்தது அவருக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபது. பத்து மணிக்குள் தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சொம்பை எடுத்தாள். பயப்படவேண்டியவர் அங்கே விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

தண்ணியைத் தெளித்தாள். உளுந்து ஒரு சுற்றுச் சுற்றிக் குழவிக்கு அடியில் போய் வெளுத்து வந்தது. இந்த வீட்டில் பேச்சு என்றைக்கு நேராக வந்திருக்கிறது, இன்றைக்கு வர. கல்யாணமாகி வந்த புதுசில் மாமியார் இருந்தார்கள். பெரியவர்கள் முன்னால் புருசனும் பெண்டாட்டியும் நின்று பேசிக்கொண்டால் மரியாதைக் குறைச்சல். ஆகவே சென்னியப்பன் வேலைக்குக் கிளம்பும்போது தன் அம்மாவிடம், "நான் வர நேரமாகும், எனக்காகக் காத்துட்டிருக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்பார். அவள் அங்கேயே நின்று சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருப்பாள். மாமியார் திரும்பி, "காத்துட்டிருக்க வேண்டாமாம் கண்ணு" என்பார்கள், என்னவோ டெல்லியிலிருந்து தந்தி வந்த மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வரும். அப்போதெல்லாம் சிரிப்புத்தான் வந்தது. மாமியார் போன பிறகாவது வாய் திறக்கும் என்று பார்த்தால், அதற்குள் மகள் தர்ஷினிக்குப் பேச்சு வந்துவிட்டது. "பாப்பா, கொழம்புல உப்பு எச்சாயிருச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு." "பாப்பா, உப்பு எச்சுன்னா தண்ணிய ஊத்திக்கச் சொல்லு உங்கப்பாவ." குழந்தை பாவம், இட்லியை வாயில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டேயிருக்கும். பாப்பாவும் படித்து முடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போயாயிற்று. இப்போது மிச்சம் காலண்டர்தான். அவரை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம். இவளும் குக்கரிடம்தான் பேசுகிறாள். "கேஸ் தீரப்போகுது, புக் பண்றவிய பண்ணினா நல்லது" என்று போன வாரம் குக்கரைப் பார்த்துச் சொன்னாள், மறுநாள் சிலிண்டர் வந்து நின்றது. வேலை நடக்கிறது. குடித்தனம் நடக்கிறது. பார்க்கிறவர்கள், சண்டை சச்சரவே இல்லாத வீடு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டுச் சாரதாமணி அன்றைக்கு வந்து, "உங்க வீட்ல எத்தனை அமைதிங்கக்கா" என்றாள். ஆமாம், அமைதி. கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார் தெரியும்.

அவள் பிறந்த வீட்டில் அமைதி என்று ஒரு சமாச்சாரமே கிடையாது. சோமனூருக்குப் பக்கத்தில் பவர்லூம் ஓட்டின வீடு. நடைக்கு அந்தப்பக்கம் எட்டுத் தறி, இந்தப்பக்கம் சோறு, படுக்கை, படிப்பு எல்லாம். காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தால் இட்லித் தட்டு அடுப்பின்மேல் தானாக ஆடும். அந்தச் சத்தத்தில் யாரும் யாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பேச முடியாது. அய்யன், அதுதான் அவளைப் பெத்த அப்பன், ஒரு இழை நூல் வேணும் என்றாலும் தறியைச் சுற்றிக்கொண்டு எதிரில் வந்து நின்று, மூஞ்சியைப் பார்த்து, வாயைப் பெரிதாகத் திறந்துதான் சொல்வார். எல்லாருக்கும் அதுதான் பழக்கம். பாதி காதால், பாதி கண்ணால் கேட்பது. ஒருத்தர் பேசினால் மற்றவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவர் உதட்டைப் பார்க்கவேண்டும், பார்க்காவிட்டால் பேச்சு போய்ச் சேராது. கரண்ட் போனால் எல்லாரும் கத்திக்கொண்டே இருப்பார்கள், கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும், சத்தம் நின்றுவிட்டதென்று. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இந்த வீட்டின் பேச்சு, கல்யாணத்தன்றே காதடைத்துப் போன மாதிரி இருந்தது. ஆனால் பழகிக்கொண்டாள். பொம்பளைக்குப் பழக எத்தனை நாள் ஆகும், ஒரு வருசம் கொடுத்தால் எதுவும் பழகிவிடும். அது எத்தனை கேவலம் என்று அய்யன்தான் போட்டு உடைத்தார். தம்பி மகளுக்குக் காதுகுத்து, பந்தியில் சொந்தபந்தம் என்று நூறு ஒறம்பரை உட்கார்ந்திருக்கிறது, அங்கே வந்து எதிரில் நின்று, தறிச் சத்தமே இல்லாத இடத்தில் தறிக்காரக் குரலில், "உன்ற ஊட்டுக்காரர் பேசமாட்டீங்கறாருன்னா நீ பேசு. ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டைய வெச்சுட்டிருந்தா அது என்ன குடித்தனம்" என்று கேட்டுவிட்டார். இலையில் இருந்த ஜாங்கிரியைப் பார்த்துக்கொண்டே அவள் எழுந்து கை கழுவினாள். அதற்குப் பிறகு ஆறு மாசம் அய்யன் முகத்தில் விழிக்கவில்லை. அவர் சொன்னது பொய் என்பதால் இல்லை. நூறு பேர் முன்னால் நிஜத்தைச் சொல்லிவிட்டார் என்பதால்.

உளுந்து பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு விரலில் எடுத்துச் சொம்புத் தண்ணியில் விட்டுப் பார்த்தாள், மிதந்தது. வழிக்கலாம். வழிக்கும்போது மட்டும் கிரைண்டரை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் வீடு மௌனமாகிவிடும், மௌனமானால் அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும், கேட்டால் எதாவது சொல்லவேண்டி வரும். கிரைண்டர் ஓட ஓடவே கையை உள்ளே விட்டு வழித்தாள். விரலில் குழவி லேசாக இடித்தது. இடித்தால் இடிக்கட்டும். ஊறின அரிசியை அள்ளிக் கொட்டியதும் சத்தம் முரட்டுச் சத்தமாக மாறியது. இதே சத்தம்தான் அன்றைக்கும். பதினோரு வருசத்துக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே அடுப்படி, இதைவிடப் பெரிய பழைய கிரைண்டர், தர்ஷினி டியூசனுக்குப் போயிருந்தாள். கமலவேணி சுவரைப் பார்த்து நின்று அரிசி ஆட்டினாள். மாவை வழித்து, கல்லைக் கழுவி, குளித்து, சமைத்தாள். சென்னியப்பன் ஞாயிறு ஷிப்டுக்கு மதியம் கம்பெனிக்குப் போனார். சாயந்திரம் ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் போனுக்குச் சேதி வந்தது. அய்யன் போய்விட்டார். துணியை மாற்றினாளா இல்லையா என்றுகூட ஞாபகமில்லை, எந்த பஸ்ஸில் போனாள் என்று ஞாபகமில்லை, இறங்கினதும் தறியெல்லாம் நின்றுபோயிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தம்பி அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. "காத்தால ஒம்பது மணிக்கே மச்சான் செல்லுக்குப் போன் பண்ணிச் சொன்னனே. உன்னையப் பாக்கோணும் பாக்கோணும்னு வாசலையே பார்த்துட்டிருந்தாரு. இத்தனை நேரமா உனக்கு?" என்றான்.

காத்தால ஒம்பது மணிக்கே. அந்த மூணு வார்த்தையைப் பதினோரு வருசமாக அவள் மென்றுகொண்டிருக்கிறாள். காலையிலேயே இவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? காதுகுத்துப் பந்தியில் அய்யன் பேசினதை மனதில் வைத்துக்கொண்டா? போய்ச் சேர்ந்தால் எனக்கென்ன என்றா? அவள் கேட்கவேயில்லை. இதுதான் பெரிய வேடிக்கை. பதினோரு வருசத்தில் ஒரு நாள், ஒரு தடவை, "ஏனுங்க எனக்குச் சொல்லல" என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் எதாவது பொய் சொல்வார், அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவருக்குச் சோறு போடவேண்டும், அதற்குக் கேட்காமலிருப்பதே மேல் என்று நினைத்தாள். அன்றைக்கு ஊர்ந்து வந்த கசப்பு இந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி தங்கிவிட்டது, அதற்கும் சேர்த்தே அவள் உலை வைத்தாள். அவர் நேரில் வந்தால் இவள் அடுப்படிக்குப் போவாள். அவர் எதாவது பேச்செடுக்கிற மாதிரித் தெரிந்தால் கிரைண்டரைப் போட்டுவிடுவாள், மிக்சியைப் போட்டுவிடுவாள், ஒன்றுமில்லாவிட்டால் குழாயைத் திறந்துவிடுவாள். அவள் மாவரைத்த நாட்களில் பாதி, மாவுக்காக இல்லை.

அப்படியே இருந்திருக்கலாம். புதன்கிழமை தர்ஷினி போன் பண்ணாமல் இருந்திருந்தால் அப்படியே இருந்து செத்தும் போயிருக்கலாம். சும்மா பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் தாத்தா பேச்சை எடுத்து, "ஏம்மா, அப்பிச்சி சாகக் கெடந்தப்ப நீ ஏம்மா போகல?" என்றாள். கமலவேணி போனை மறு காதுக்கு மாற்றினாள். "யாரு சொன்னா போகலீன்னு? சொல்லியிருந்தாப் போயிருக்கமாட்டனா? உங்கப்பா எங்கடி சொன்னாரு?" "சொன்னாராம்மா. நேத்துப் பேசறப்ப அவரே சொன்னாரு. போன் வந்ததும் உங்கிட்டச் சொல்லிட்டு, டிவிஎஸ் வண்டிய வெளியெடுத்து வாசக் கேட்டுகிட்ட வெச்சுட்டு அரை மணி நேரம் நின்னாராம். நீ வரவேயில்லையாமா. பெத்த அப்பன் மேலயே இத்தனை வைராக்கியம் வெச்சிருக்கறவ எனக்கு ஒண்ணுன்னா வந்துருவாளான்னு கேட்டாரும்மா. எனக்கு ஒருமாதிரி ஆயிருச்சு." போனை வைத்த பிறகு அவள் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொன்னாராம். எப்படிச் சொல்லியிருப்பார் என்று யாரும் அவளுக்கு விளக்கவேண்டியதில்லை. காலண்டர் அன்றைக்கும் அதே ஆணியில்தான் தொங்கியது. பெரிய கிரைண்டர் அரிசியை நொறுக்கிக்கொண்டிருக்க, முதுகைக் காட்டி நின்றவளுக்குப் பின்னால், ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு, "அவிய அய்யனுக்கு முடியலையாமா, கெளம்பறதுன்னா கெளம்பலாம்" என்று சுவருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லியாயிற்று என்று நம்பிக்கொண்டு கேட்டருகில் நின்றிருக்கிறார். அவர் அங்கே காத்திருக்க, இவள் இங்கே மாவு வழிக்க, அய்யன் அங்கே வாசலைப் பார்க்க. மூணு பேரும் மூணு இடத்தில் கழித்த அரை மணி நேரம். உள்ளே வந்து தோளைத் தொட்டு ஒரு வார்த்தை. கேட்டிலிருந்து அடுப்படிக்கு எத்தனை தூரம், மனுசா? மோட்டார் பம்பு கம்பெனியில் நாற்பது பேரை வேலை வாங்குகிற சூப்பர்வைசர், அங்கே மிசின் சத்தத்தில் எப்படிப் பேசுகிறீர்கள்? அங்கேயும் காலண்டரா?

நாலு நாளாக இதையே அரைத்துக்கொண்டிருக்கிறாள். கோபமா என்றால் கோபம்தான். ஆனால் இத்தனை வருசம் வளர்த்த பழைய கோபம், அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்ற கோபம், அது கால் உடைந்து கிடக்கிறது. அதற்குப் பதிலாகப் புதுசாக ஒன்று வந்திருக்கிறது. மறைத்திருந்தாலாவது அவர் கெட்டவர் என்று ஒரு பெயர் வைத்து ஒதுக்கியிருக்கலாம். இப்போது யாரைத் திட்டுவது, வெட்கத்தைத் திட்டுவதா, பழக்கத்தைத் திட்டுவதா, கிரைண்டரைத் திட்டுவதா. அவளும்தான் முதுகைக் காட்டினாள். தறிக்காரர் மகள், அவள் எப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்? பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடும், அங்கே ஒரு முள், அதைத் தாண்ட முடியாமல் மறுபடி ஆரம்பத்துக்கே ஓடும். அரிசி கொரகொரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தெட்டு. தண்ணி ஊற்ற மறந்து மாவு சூடேறிவிட்டது, தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. ஒரு கை தண்ணி விட்டாள். சூடு என்றதும் அவர் நெஞ்சைத் தடவிக்கொள்வது நினைவுக்கு வந்தது. ஒரு மாசமாகத் தடவுகிறார். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று தெருவைப் பார்க்கிற மாதிரி நடிக்கிறார், தெருவில் அப்படி என்ன இருக்கிறது, ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது. அவள் கவனித்தாள். கவனித்து என்ன செய்தாள்? "கறி முட்டையெல்லாம் கொறைச்சுக்கறது நல்லது" என்று குக்கருக்குச் சொன்னாள். குக்கர் விசிலடித்தது. டியூபா? கைநரம்பு வழியாகவா? அந்த மெல்லிசான மணிக்கட்டு வழியாக நெஞ்சு வரைக்கும் ஒன்று போகுமா? உள்ளே போய்ப் பார்த்து, அங்கே எதாவது இருந்துவிட்டால்? அவர் இல்லாத கூடம் எப்படி இருக்கும்? காலண்டரை யார் கிழிப்பார்கள்? பயமாகத்தான் இருக்கிறது, அதை ஒளித்து யாருக்கு என்ன லாபம்.

ஆனால் பயத்துக்கு அவள் பணியப்போவதில்லை. எதிரில் ரெண்டு வழி கிடக்கிறது, ரெண்டும் அவளுக்குத் தெரிந்த வழிதான். ஒன்று, காதில் விழாத மாதிரி இருந்துவிடுவது. அன்றைக்கு எனக்கு நடந்தது இன்றைக்கு உங்களுக்கு நடக்கட்டும், நீங்களும் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள், மருதாசலம் வந்து கையெழுத்துப் போடட்டும். யார் கேட்டாலும், கிரைண்டர் ஓடியது, கேட்கவில்லை என்று சத்தியம் பண்ணலாம். அந்த நினைப்பில் ஒரு இனிப்பு இருந்தது, ஒரு நிமிசம் அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள், பிறகு துப்பிவிட்டாள். இன்னொரு வழி எல்லாரும் மெச்சுகிற வழி. ஒன்றும் பேசாமல் போய், பீரோவைத் திறந்து, பையில் ரெண்டு வேட்டி, துண்டு, பிளாஸ்க், அவருடைய மாத்திரை டப்பா எல்லாம் எடுத்துவைத்து, பையைக் கூடத்தில் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைப்பது. அவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நாளைக்கு ரெண்டு பேரும் ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு போகலாம். சொல்லாமலே புரிந்துகொள்கிறவள்தான் நல்ல பெண்டாட்டி என்று இந்த ஊரே சொல்கிறது, சாரதாமணி சொல்கிறாள், டிவியில் வருகிற அத்தனை அழுமூஞ்சிகளும் சொல்கின்றன. சொல்லாமலே புரிந்துகொண்டு எத்தனையைத் தொலைத்தோம் என்று எவளாவது சொல்கிறாளா? அவர் புரிந்துகொண்டார்: பெண்டாட்டிக்கு அப்பன்மேல் வைராக்கியம். இவள் புரிந்துகொண்டாள்: புருசனுக்கு ஈரமில்லை. ரெண்டு பேரும் நன்றாகத்தான் புரிந்துகொண்டார்கள், அந்தப் புரிதலின் நடுவில் ஒரு கிழவர் வாசலைப் பார்த்துக்கொண்டே செத்தார். இல்லை. பை எடுத்துவைக்கமாட்டாள். வாயால் கேட்காத ஒருத்தருக்கு ஒரு துண்டுகூட மடித்து வைக்கமாட்டாள். வேண்டுமென்றால் கேட்கட்டும். பத்தடி நடந்து வந்து, மூஞ்சியைப் பார்த்து, கேட்கட்டும். இத்தனைக்கும் அவர் ஏன் கிரைண்டர் ஓடும்போது சொல்கிறார் என்பதும் அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது. அமைதியில் கேட்டு அவள் வரமாட்டேன் என்றுவிட்டால் தாங்கமுடியாது, சத்தத்தில் கேட்டால் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. பாவம்தான். பாவம் என்பதற்காக விட்டுக்கொடுக்கிற காலம் போய்விட்டது.

கூடத்தில் அவர் பேப்பரை மடித்தார். சேரில் இருந்தபடியே மேசைமேல் கையை நீட்டிப் போனை எடுத்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நம்பரைத் தேடினார். ஒன்பது ஐம்பத்தாறு. பத்து என்றால் பத்துவரை பொறுக்கிற மனுசன்கூட இல்லை. அரிசி இன்னும் நொய்யாகத்தான் இருந்தது. கமலவேணி கையை உதறி, சுவிட்சைத் தட்டினாள்.

கல் ரெண்டு சுற்றுச் சுற்றி நின்றது. தறி நின்ற வீடு மாதிரி ஆகிவிட்டது.

"காதுல விழுகலீங்க," என்றாள்.

சென்னியப்பன் தலையைத் தூக்கினார். காலண்டரைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"உங்களைத்தானுங்க. சித்த முந்தி என்னமோ சொன்னீங்களே, அது காதுல விழுகல. இங்க வந்து சொல்லுங்க." பச்சைப் பொய். ஆனால் இந்த வீட்டில் பேசப்பட்ட நிஜங்களையெல்லாம்விட அந்தப் பொய் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. மருதாசலத்துக்கு ஒரு போன்..."

"மருதாசலத்தைப் பத்தி நான் கேக்கலீங்க. வெச்சுட்டு வாங்க."

அவர் எழுந்தார். போனைச் சேரில் வைத்தார், பிறகு எதற்கோ அதை எடுத்து மேசையில் வைத்தார். கூடத்தைக் கடந்து அடுப்படி வாசல்வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது. கண் நேராகக் கிரைண்டருக்குப் போயிற்று.

"அதைப் பாக்காதீங்க. அது உங்ககூட எங்கயும் வராது. என்னையப் பாருங்க."

அவர் பார்த்தார். உடனே கீழே பார்த்தார். "மூஞ்சியப் பார்த்தா சொல்ல வரமாட்டீங்குது, வேணி." அவள் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. மனசு இளகப் பார்த்தது. இளகவிடவில்லை.

"வராட்டி நில்லுங்க. வர்ற வரைக்கும் நில்லுங்க. மாவு கெட்டாக் கெடுது, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நின்றார். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். வெள்ளையாகிப்போன புருவம், தாடையில் ஷேவ் பண்ணும்போது விட்டுப்போன நாலு முடி, கழுத்தில் துடிக்கிற ஒரு நரம்பு. இத்தனை கிட்டத்தில் அவரை அவள் பார்த்தே நாளாகியிருந்தது. அவரும் அதையேதான் நினைத்தாரோ என்னவோ, அவள் நெற்றி நரையில் கண்ணை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரோணும்," என்றார்.

"யாரு?"

"நானு. நெஞ்சுல அடைப்பு இருக்குதான்னு பாக்கறாங்க. பயமா இருக்குது. கூட ஒரு ஆளு..."

"ஆளுன்னா?"

அவள் முகத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தார். "நீ. நீ வரோணும்."

"அப்படிச் சொல்லுங்க." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "இதே மாதிரித்தான் எங்கய்யன் சேதியும் சொன்னீங்களாமா. பாப்பா சொன்னா. அதும் என்ற காதுல விழுகலீங்க."

அவர் புரியாமல் பார்த்தார். அப்புறம் புரிந்தது. நிலையைப் பிடித்திருந்த கை ஒரு முழம் கீழே இறங்கியது. "விழுகலையா?"

"விழுகல."

"அரை மணி நேரம் நின்னேன். கேட்டுகிட்ட. நீ கோவத்துல வரமாட்டீங்கறயாக்கும்னு நெனச்சுட்டேன்."

"நெனச்சீங்க. தெரிஞ்சும் மறைச்சுட்டாராக்கும்னு நானும் நெனச்சேன். பதினோரு வருசமா ரெண்டு பேரும் நல்லா நெனச்சோம்." குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும், அவள் அதை மறைக்க எந்தக் குழாயையும் திறக்கவில்லை. கண்ணிலிருந்து இறங்கினதைத் துடைக்கவும் இல்லை, அவர் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றாள். "ஒரு வார்த்தைங்க. உள்ள வந்து தோளைத் தொட்டு ஒரு வார்த்தை. எங்கய்யன் என்னையப் பார்த்துட்டுப் போயிருப்பாரு."

அவர் கை ஒன்று நீண்டு வந்தது, அவள் தோளுக்கு வந்ததா வேறெங்கும் போனதா என்று தெரியாமல் நடுவில் நின்று, பிறகு தோளுக்கே வந்தது. மாவு படிந்திருந்த தோள். பதினோரு வருசம் தாமதமாக வந்த கை. அதை அவள் தட்டிவிடவில்லை, அதற்காக மன்னித்துவிட்டதாகவும் இல்லை.

"வர்றேன்," என்றாள். "ஆனா ஒண்ணு. அங்க டாக்டர் கேக்கறப்ப சொவத்தப் பார்த்துட்டு என்னமாச்சும் முணுமுணுத்தீங்கன்னா, எந்திரிச்சு வந்துருவேன். கையெழுத்தும் கெடையாது ஒண்ணும் கெடையாது. வலிச்சா வலிக்குதுன்னு என்கிட்டச் சொல்லோணும். பயமா இருந்தா அதையும்."

"சரி."

"அடுப்படிக்கு வந்து சொல்லோணும்."

"சரீங்கறேன்ல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிரைண்டருக்குள் பார்த்தாள். அரிசி நொய்நொய்யாக, அரைகுறையாகக் கிடந்தது. இன்னும் பத்து நிமிசமாவது ஓடவேண்டும். சுவிட்ச் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. "அதைப் போட்டுட்டுப் போங்க," என்றாள்.

சென்னியப்பன் சுவிட்சின்மேல் விரலை வைத்தார். அழுத்தவில்லை. விரலை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணு சொல்லோணும்," என்றார். "சொல்லிட்டுப் போட்டுக்கறேன்."